ஓட்டுக்கு நாலு ஓட்டை

காஜாக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் எங்கள் கட்டடத்தில் எந்தக் கதவை வேண்டுமானாலும் தட்டுங்கள். என் கதவை மட்டும் விட்டுவிடுங்கள். வயதில் என்னைவிட மூத்தவள், 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவன். கண்ணில் பட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் அது என் சொந்தச் சரக்கு.

சட்டையில் பட்டனை மாட்டுகிற துளைக்குத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் காஜா. தெருக்கோடியில் இருந்த கோட்டு ஆலையில் நாற்பத்தொரு வருஷம் காஜா எடுத்தவள் அவள். பதினாலு வயதில் போய் உட்கார்ந்தவள், ஆலையை மூடிய அன்றுதான் எழுந்தாள். சொந்தப் பெயர் சங்கத்துப் பதிவேட்டில் எங்கோ இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நூலைத் தொட்டே எந்த நம்பர் என்று சொல்வாள். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்து, "இதுல பாதி கலப்படம்" என்று கடைக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவாள். ஆலை போன பிறகும் எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளத்தில் இருக்கிற விலை உயர்ந்த கோட்டுக் கடைக்கு வருஷக்கணக்கில் கையால் காஜா எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரன் அவள் இரண்டு கைகளையும் பெரிய போட்டோவாக எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறான். முகம் கிடையாது, கை மட்டும். அதைப் பார்த்துக்கொண்டே அவள் தெருவில் நடப்பதைப் பார்க்க வேண்டும், மகாராணி தோற்றுப்போவாள்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கட்டிய கூட்டுறவு வீடு. நாலு மாடி, பன்னிரண்டு வீடு. யாருக்கும் தனி வீடு சொந்தமில்லை, மொத்தமும் சங்கத்துடையது. நாம் உறுப்பினர், உயிரோடு இருக்கும்வரை குடியிருக்கலாம். ஒருவர் போய்விட்டால் வீடு சங்கத்துக்குத் திரும்பிவிடும். அவர்கள் கட்டிய நாளில் இந்தப் பக்கம் நாய்கூட வராது என்பார்கள். இப்போது தெரு முழுக்கக் காபிக்கடை, பழைய புத்தகக் கடை, முக்கில் நின்று கிடார் வாசிக்கிறவன், எங்கள் ஜன்னல் வேலைப்பாட்டை அண்ணாந்து படம் எடுக்கிற கூட்டம். பாரம்பரியப் பகுதி என்று அரசாங்கம் பலகை நட்டதிலிருந்து வெளிச்சுவருக்கு வண்ணம் பூசக்கூட மனுப்போட வேண்டும். ஒரு வீடு காலியானால் நூறு பேர் நிற்கிறார்கள்.

அந்த நூறு பேரில் ஒருவரை ஏற்றுக்கொள்ள எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு கறுப்பு பட்டன் கொடுப்பார்கள். ஒரே அளவு, ஒரே கனம். ஒன்றில் நாலு ஓட்டை, மற்றதில் இரண்டு. நாலு ஓட்டை என்றால் சரி, இரண்டு என்றால் வேண்டாம். கையை மேசைக்கு அடியில் வைத்து, குனிந்து பார்க்காமல், விரலால் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, மூடிய கையோடு துணிப்பையில் போட வேண்டும். பார்த்துப் போட்டால் பக்கத்தில் இருக்கிறவனும் பார்த்துவிடுவானாம். ஆலைக்காரர்களுக்கு அது விளையாட்டு. என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு வாரம் வீட்டில் பயிற்சி எடுத்தோம். பையில் ஒரே ஒரு இரண்டு ஓட்டை விழுந்தாலும் போதும், அந்தப் பெயர் மறுபடி மேசைக்கு வராது. ஒரேயொரு விலக்கு உண்டு. போட்டவரே மறுநாள் மாலை ஆறு மணிக்குள் வந்து, "கை தவறிப் போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னால் மறு ஓட்டு நடக்கும்.

காஜாக்காவின் எதிர்வீடு காலியானது போன வருஷம். கூரையிலிருந்து தண்ணீர் இறங்கி, தரை உப்பி, ஆள் நுழைய முடியாத நிலை. மனுச்செய்கிறவரே முதலில் வீட்டைச் சீர்செய்து காட்ட வேண்டும், பிறகுதான் ஓட்டு என்று சங்கம் சொன்னதும் நூறு பேர் ஒருவராகச் சுருங்கிவிட்டார்கள். அந்த ஒருவர் காஜாக்காவின் தங்கை.

தங்கைக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா தவறிவிட்டாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. வளர்த்தாள், மறுக்கவில்லை. வளர்த்ததை ஒரு நாளும் மறக்க விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று பதினைந்து வயதில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு அனுப்பினாள். தங்கை தானாகப் பார்த்து ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டபோது கல்யாணத்துக்குப் போகவில்லை. அவன் இறந்தபோது போய், "நான் அப்பவே சொன்னேன்" என்றாள். அதுதான் அவள் சொன்ன ஆறுதல். குழந்தை இல்லை. ஓய்வு பெற்று, நகரத்தின் மறுகோடியில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்த தங்கை, இடித்துக் கட்டப்போகிறோம் என்று வீட்டுக்காரன் சொன்னதும், மிச்சமிருந்த ஐம்பத்துநாலு வயது உடம்பையும் கையிருப்பு முழுவதையும் கொண்டுவந்து அக்காவுக்கு எதிர்வீட்டில் இறக்கினாள்.

எட்டு மாதம். நான் அந்த வீட்டுக்கு நேர் கீழே இருக்கிறவன், ஒவ்வொரு நாளும் என் தலைமேல்தான் போனது. குழாய்க்கும் கம்பிக்கும் மட்டும் ஆள் வைத்தாள், மற்றதெல்லாம் அவளே. சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த ஏழு அடுக்குக் காகிதத்தை உரித்தாள். பூச்சுக்கு அடியில் புதைந்திருந்த ஜன்னல் மரத்தைச் சூடு காட்டிச் சுரண்டி வெளியே எடுத்தாள். தரைப்பலகையை மண்டிபோட்டு இழைத்தாள். நான் விடியற்காலையில் வேலைக்குப் போய் மதியம் வந்து படுக்கிறவன். படுத்தால் டிரில்லிங் மெஷின் மண்டைக்குள் இறங்கும். பொறுக்க முடியாமல் புகார்ப் புத்தகத்தில், 'மனுஷன் தூங்க வேண்டாமா?' என்று இரண்டு தடவை எழுதிவைத்தேன். எழுதியது நான்தான், ஒளிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த என் குளியலறைக் கூரை அவள் கை பட்டபிறகு ஒழுகவில்லை. அதுவும் நடந்தது.

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்வையிட வருவாள். மாடிப்படியில் போகும்போது காதில் விழும்.

"என்னடி இது, சுவரா இது? குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது."

"ரசமட்டம் வச்சுப் பாத்தேன்க்கா. சரியாத்தான் இருக்கு."

"என் கண்ணை விடவா உன் ரசமட்டம்? சமையக்கட்டு டைல்ஸைப் பேத்து மறுபடி ஒட்டு. என் எதிர்ல குடிவர்றவ ஒழுங்கா இருக்கணும்."

மூன்று தடவை பெயர்த்து ஒட்டவைத்தாள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட, நல்லா இருக்கு என்று அவள் வாய் திறக்கவில்லை. அதற்காகப் பிரியமே இல்லை என்று சொல்லமாட்டேன். தங்கை வராத நாளில் பத்துத் தடவை வாசலுக்கு வந்து படிக்கட்டை எட்டிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். வந்ததும், "ஏன்டி லேட்டு?" என்று எரிந்து விழுவாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. இடையில் ஒரு வாரம் அக்காவின் வலது கை விரல்களில் கட்டுப் போட்டிருந்தது. கேட்டதற்கு, "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்றாள்.

ஓட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்த்தளத்துப் பொது அறையில். பதினொரு பேர் உட்கார்ந்தோம். தங்கையை முறைப்படி வெளியே நிற்க வைத்திருந்தார்கள். அவள் புதுச்சேலை கட்டி வந்திருந்தாள், வாடகை அறையை முதல்நாளே காலி செய்துவிட்டு. பை சுற்றி வந்தது. நான் நாலு ஓட்டையைப் போட்டேன். தலைவர், முன்பு மருந்துக்கடை வைத்திருந்த மனிதர், மாத்திரை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பத்து நாலு. ஒரு இரண்டு.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முதலில் வாயைத் திறந்தவள் காஜாக்காதான்.

"புகார்ப் புத்தகத்துல எழுதிப் போட்டது யாரு? அதை எடுத்துப் பாருங்க, தெரியும்."

"நான் போடலை. சத்தியமா நாலுதான் போட்டேன்" என்றேன். நம்பினால்தானே.

கையில் மிஞ்சிய பட்டனை வெளியே போகும்போது வாசலில் இருக்கிற டப்பாவில் போட வேண்டும். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். டப்பாவுக்கு மேலே விளக்கு எரிந்தது. கையைத் திறந்தவள் உள்ளங்கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நானும் பார்த்தேன். அவளிடம் மிஞ்சியிருந்தது நாலு ஓட்டை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டனைப் போட்டாள், நிமிர்ந்தாள், வெளியே காத்திருந்த தங்கையிடம் போய், "நான் என்ன பண்ண? இந்த மீட்டர்காரன் கெடுத்துட்டான்" என்றாள்.

ஆறு மணிக் கெடு மறுநாள்வரை இருக்கிறதே, இரவு யோசித்துக் காலையில் தானே போய்ச் சொல்லிவிடுவாள், சொந்தத் தங்கையாயிற்றே என்று காத்திருந்தேன். மதியம்வரை அவள் கதவு திறக்கவில்லை. நானே தலைவரிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன்.

"நீங்க சொல்றது சின்ன விஷயம் இல்லை மீட்டர் சார். காஜாக்கா விரலு தப்புப் பண்ணுச்சுன்னு சொன்னா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் சார். கூப்பிட்டுக் கேளுங்க. அந்தம்மாவுக்கு வீடு போகுது."

ஐந்து மணிக்கு எல்லாரையும், தங்கையையும் சேர்த்து, மறுபடி கூட்டினார். காஜாக்கா வந்தாள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள்.

"என் விரலைச் சந்தேகப்படுறீங்களா? கொண்டாங்க பட்டனை. பத்து குடுங்க, பத்தும் சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் மறு ஓட்டு வச்சுக்கங்க."

கையைப் பின்னால் கட்டி, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள். யார் பட்டனைக் கையில் வைப்பது என்று பேச்சு வந்தது. "தங்கச்சியே வைக்கட்டும்" என்றார் தலைவர். "இதுல நஷ்டப்படுறது அவங்கதான். அவங்க ஏமாத்த மாட்டாங்க." நியாயமாகத்தான் பட்டது. நானும்தான் தலையாட்டினேன்.

தலைவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து எங்களுக்குக் காட்டினார். நாலு ஓட்டை. தங்கை அதை வாங்கி அக்காவின் பின்னால் போய் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாரும் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் கதவோரம், பக்கவாட்டில் நின்றதால் கை தெரிந்தது. விரல்கள் பட்டனை உருட்டின. மறுபடி உருட்டின. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பிறகு லேசாகத் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலே தங்கையைப் பார்த்தாள். வேறெதுவும் செய்யவில்லை.

தங்கை கையை இன்னும் எடுக்கவில்லை. அவள் கட்டைவிரல் அக்காவின் மணிக்கட்டுக்கு மேலே அழுந்தியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"நாலு" என்றாள் காஜாக்கா.

அடுத்தது. இரண்டு அழுத்தல். "ரெண்டு." அடுத்தது. "ரெண்டு." மீட்டருக்குள் சுழல்கிற சக்கரத்தைப் பார்த்தே பழகிய கண் எனக்கு, அந்தக் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. ஐந்தாவதில் கத்திவிட்டேன். "தொட்டுக் காட்டுறாங்க! மணிக்கட்டைப் பாருங்க, தொட்டுக் காட்டுறாங்க!"

அறையே என்மேல் பாய்ந்தது. நாலாம் மாடிக்காரர் எழுந்தே விட்டார். "ஏன்யா, தன் வீடு போறதுக்குத் தானே யாராவது ஒத்தாசை பண்ணுவாங்களா? புத்தி கித்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

தலைவர் தங்கையைக் கேட்டார். "நீங்க தொட்டீங்களாம்மா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லைங்க" என்றாள்.

பத்துக்குப் பத்து. கைதட்டினார்கள். அக்கா முன்னால் வந்து வணக்கம்கூட வைத்தாள். ஆறு மணி அடித்தது. தலைவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார், தங்கையின் பெயர் முடிந்துபோனது.

மறுநாள் தங்கை தன் கருவிப்பெட்டியை எடுக்க வந்தாள். போட்ட சாமான்களுக்கு மட்டும் சங்கம் கணக்குப் பார்த்துக் கொடுக்குமாம், எட்டு மாதத்து உழைப்புக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. செத்துப்போன புருஷனின் அக்கா வேறு ஊரில் இருக்கிறாள், அவள் வீட்டுப் பின்கட்டில் ஒரு மூலை கிடைத்திருந்தது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். என் கோபம் அடங்கவே இல்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஆறு மாசமா அவளுக்கு விரல்ல ஒண்ணும் தெரியறதில்லை. சக்கரை வியாதி. பெயிண்ட் உருக்குற மெஷின் மேல கையை வச்சுட்டு நின்னுட்டிருந்தா, கருகுற வாசம் வந்துதான் நான் திரும்பிப் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. இன்னும் கொஞ்ச நாள்ல அவளால ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. எதிர்லயே இருந்தா நான் மாட்டி விடலாம்னு பாத்தேன்."

"அப்போ சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்தை. வீடு உங்களுக்கு வந்திருக்கும். ஏன் தொட்டுக் காட்டினீங்க?"

அவள் கீழ்ப்படியில் நின்றுவிட்டாள். "எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. அக்கா முழிச்சுட்டு நின்னா" என்றாள். என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அக்கா வழியனுப்ப வரவில்லை. மாடியிலிருந்து, "போறப்ப அந்தக் கதவை இழுத்துச் சாத்திட்டுப் போ, தூசி வருது" என்ற குரல் மட்டும் வந்தது.

அதன் பிறகு எனக்கு இந்தக் கட்டடத்தில் பெயர் 'ரெண்டு ஓட்டை'. முன்னால் சொல்வதில்லை, முதுகு திரும்பியதும் சொல்வார்கள். என்னைப் பார்த்தால் வாசற்கதவைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்கள், மூஞ்சியில் வந்து அடிக்கும். காஜாக்காவோ பத்துக்குப் பத்துக் கதையை கோட்டுக்கடை வாசலில் நின்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொன்னாள். தங்கையைப் பற்றி யாராவது கேட்டால், "ஒருத்தருக்காவது புடிக்கலைன்னா அவகிட்ட ஏதோ குறை இருந்திருக்கும்ல?" என்பாள். கேட்டபோது அவள் வாயைத் தைத்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. கடைக்கு காஜா எடுப்பதை மட்டும் கண்வலி என்று சொல்லி நிறுத்திவிட்டாள். வெயில் காலத்திலும் சால்வை. ஒரு நாள் அது காற்றில் விலகியபோது பார்த்தேன், ஜாக்கெட் முழுக்கக் கோணல்மாணலாக ஊக்கு. அதையும் எத்தனை நேரம் போராடி மாட்டினாளோ. பாவம் என்று தோன்றியது, தோன்றியதற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி ஓட்டு. இப்போது வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறதே, வரிசை பழையபடி நூறு. அதில் ஒரு இளம் ஜோடியை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலி எப்போதும்போல் காலி. காஜாக்கா தாமதமாக வந்தாள். அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி இருந்தும் சுற்றி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறையே ஆச்சரியமாகப் பார்த்தது. பெரிய மனசு என்று நினைத்திருப்பார்கள்.

பட்டன் கொடுத்தார்கள். பை எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பியது. மேசைக்கு அடியில் என் முழங்காலில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தால் அவள் கை, உள்ளங்கை விரிந்து, இரண்டு பட்டனோடு.

"தம்பி" என்றாள், உதடு அசையாமல். "எது நாலு?"

இரண்டையும் மாற்றிச் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை ஒளிக்கமாட்டேன். அந்த ஜோடி யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. நாலு ஓட்டையை எடுத்து அவள் வலது கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டேன். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"அன்னைக்கும் கேட்டிருக்கலாமே" என்றேன். "முன்னப்பின்னத் தெரியாதவங்களுக்கெல்லாம் கேக்கத் தெரியுது. கூடப் பொறந்தவளுக்கு ஏன் கேக்கலை?"

பை எங்கள் பக்கம் திரும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குன்னா என் கை தப்பாதுன்னு நெனச்சேன்" என்றாள்.

பதினொன்றும் நாலு. கைதட்டல். மூத்த உறுப்பினர் என்ற முறையில் சாவி கொடுக்கிற மரியாதை அவளுடையது. எல்லாரும் மாடிக்கு ஏறினோம். புதுப்பெண் உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தாள், ஜன்னல் மரத்தைத் தடவினாள், சமையலறையில் போய் நின்று வாயைப் பிளந்தாள்.

"எவ்வளவு நேர்த்தியா இருக்கு! யாரு ஆன்ட்டி செஞ்சது இதெல்லாம்?"

தலைவர் தொண்டையைச் செருமினார். மறுக்கப்பட்ட பெயரைச் சொல்லக்கூடாது என்று விதியில் இல்லைதான், ஆனாலும் யாரும் சொல்லவில்லை. காஜாக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு டைல்ஸை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி" என்றாள். "ரொம்ப நல்லா செய்வா."